வானமும் வயலும்

காஞ்சிபுரத்திலே விமானம் எங்கே என்று கேட்டால், ஊர்ப் பெரியவர்கள் கோயிலைக் காட்டுவார்கள். கருவறையின் மேலே அடுக்கடுக்காய் எழுந்து நிற்கும் கட்டடத்துக்கு இந்த ஊரில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அதுதான் பெயர். கயிலாசநாதர் கோயில் விமானத்தை எழுப்பியவன் பல்லவ மன்னன் இராசசிம்மன் என்று படித்திருக்கிறோம். கல்லைச் சுமந்தவன் யார், சாரம் கட்டியவன் யார், உளி பிடித்த கை காய்த்துப் போனவன் யார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. கட்டியவன் பெயர் காணாமல் போகும். கட்டச் சொன்னவன் பெயர் கல்லிலே நிலைக்கும். கல்லிலே நின்ற விமானத்தின் கதை இது.

பறக்கும் விமானத்தின் கதையும் இப்படியே ஆகிவிடலாமா? இதுதான் இன்று நாம் கேட்க வந்த கேள்வி.

தமிழகத்து வானிலே முதன்முதலாக ஆகாய விமானம் எழும்பி நூறாண்டு கடந்துவிட்டது. அது 1910-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். ஆகாய வழியாகச் சென்னைக்கு முதல் தபால் மூட்டை வந்து இறங்கியது 1932-ஆம் ஆண்டு அக்டோபரில். 2032 அக்டோபரில் அதற்கும் நூறாண்டு நிறைந்துவிடும். விழா எடுப்பார்கள். தபால் தலை வெளியிடுவார்கள். தோரணம் கட்டுவார்கள். எடுக்கட்டும், கட்டட்டும், நாமும் கைதட்டுவோம். மனிதன் மண்ணை விட்டு எழும்பியது மாபெரும் வெற்றி. ஆனால் தோழர்களே, விழாப் பந்தலிலே நுழையுமுன் கணக்கைப் பார்த்துவிடுவது பாட்டாளியின் பழக்கம். பறக்கச் செய்தவன் யார்? பறந்தவன் யார்? பறக்கும் தளத்துக்காக மண்ணைப் பறிகொடுத்தவன் யார்? மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு மாலை போடுவோம்.

முதலில் ஒரு புளுகை ஒதுக்கி வைப்போம். ஆகாயத்தைப் பற்றிய பேச்சு என்பதால் இதை ஆகாசப் புளுகு என்றே சொல்லலாம். "வெள்ளைக்காரன் நேற்றுக் கண்டுபிடித்தான், நம் முனிவர்கள் யுகத்துக்கு முன்பே விமானம் விட்டார்கள், புட்பக விமானம் தெரியாதா?" என்று கேட்கும் பேர்வழிகள் இன்னும் இருக்கிறார்கள். 2015 சனவரியில் மும்பையிலே கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிலேயே, பழங்காலத்து விமானம் பற்றிக் கட்டுரை படிக்க ஏற்பாடு செய்தார்கள்! பரத்துவாச முனிவர் அருளியது என்று அவர்கள் தூக்கிக் காட்டும் நூலுக்கு 'வைமானிக சாத்திரம்' என்று பெயர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் அந்த நூலை வரிவரியாய் ஆராய்ந்து, 1974-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அது யுகத்துக்கு முந்திய நூல் அன்று, இருபதாம் நூற்றாண்டில் உருவானது என்றார்கள். அதிலே வரைந்து காட்டிய விமானங்கள் பறக்கவே முடியாதவை என்றார்கள். முடிந்தது முனிவர் கதை!

இந்த அளவுகோலை நம் பக்கமும் வைப்போம். புறநானூற்றிலே வானவூர்தி என்ற சொல் உண்டு. சீவக சிந்தாமணியிலே அரசி ஏறித் தப்பும் மயிற்பொறி உண்டு. மணிமேகலை வான்வழியே வந்து இதே காஞ்சி மண்ணில் இறங்கினாள் என்று காப்பியம் பாடுகிறது. அவை கவிஞன் கண்ட கனவுகள்; அந்தக் கனவுகளுக்காக நாம் பெருமைப்படலாம். ஆனால் கனவைக் காட்டி "பட்டறை இருந்தது" என்று சொன்னால், புட்பக விமானப் பேர்வழிக்கும் நமக்கும் என்ன வேற்றுமை? கூரை ஏறிக் கோழி பிடிக்க மாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம் என்று நம் பாட்டிகளே சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை இருவருக்கும் பொதுவாகவே வைப்போம்.

மெய்யாகப் பறந்தவர்கள் யார்? 1903 டிசம்பர் 17. அமெரிக்காவிலே, கடலோர மணல்வெளி. ரைட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர். அவர்கள் முனிவர்கள் அல்லர், மன்னர்கள் அல்லர், பட்டம் பெற்ற பண்டிதர்களும் அல்லர். கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். டேட்டன் என்ற ஊரிலே சைக்கிள் கடை வைத்துப் பிழைத்தவர்கள். சங்கிலி மாட்டவும், கம்பி முறுக்கவும், சக்கரத்தின் கோணல் எடுக்கவும் பழகிய கைகள். இயந்திரம் வேண்டும் என்று கம்பெனிகளைக் கேட்டார்கள், தகுந்தது கிடைக்கவில்லை. தங்கள் கடையிலே வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக்கைக் கேட்டார்கள். ஒரு கடைசல் இயந்திரம், ஒரு துளைக்கருவி. இவற்றை வைத்துக்கொண்டு ஆறே வாரத்தில் அவர் இயந்திரத்தைச் செய்து முடித்தார். முதல் பறப்பு எவ்வளவு நேரம்? 12 விநாடி. எவ்வளவு தூரம்? 120 அடி. நம் காஞ்சித் தெருவிலே நீட்டிக் கட்டும் பட்டுப் பாவின் நீளத்தைவிட அதிகம், அவ்வளவுதான்! அந்த 12 விநாடி உலகத்தின் தலையெழுத்தையே மாற்றிவிட்டது. சைக்கிள் கடைத் தொழிலாளியின் பெயர் பள்ளிப் பாடத்திலே வருகிறதா? ரைட் சகோதரர்கள் வருகிறார்கள், டெய்லர் வருவதில்லை. வர வேண்டும்.

நெசவாளத் தோழர்களே, இன்னொன்றையும் கேளுங்கள். அந்த விமானத்தின் இறக்கை எதனால் ஆனது? துணியால்! மரச் சட்டத்தின்மேல் மஸ்லின் துணியை இழுத்துத் தைத்திருந்தார்கள். அண்ணனும் தம்பியும் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து தாங்களே தைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் துணியின்மேல் ஒருவகை வார்னிசுப் பசையைப் பூசினார்கள். காய்ந்ததும் துணி இறுகி, மத்தளத்துத் தோல்போல் விறைத்து நிற்கும். பிள்ளையார்பாளையத்திலே விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவைக் கட்டிக் கஞ்சி போடுகிறோமே, இழைக்கு வலுவேற்றும் அந்த அறிவின் உடன்பிறப்புத்தான் இது. முதல் உலகப் போரிலே வானத்தில் மோதிக்கொண்ட விமானங்களின் இறக்கைகளுக்கு அயர்லாந்துத் தறிகளிலே நெய்த லினன் துணி கப்பல் கப்பலாய்ப் போயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் விமானம் பறந்தது நூலின் வலிமையிலேதான். உலோக இறக்கை பிற்பாடு வந்தது. "நெசவு பழைய தொழில், விமானம் புதிய தொழில், இரண்டுக்கும் என்ன உறவு?" என்று எவனாவது ஏளனமாய்க் கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1909 சூலையில் பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலாந்துக் கால்வாயைத் தாண்டிப் பறந்தார். அந்தச் செய்தி சென்னை மவுண்ட் ரோடிலே உணவு விடுதி நடத்திய ஒருவரின் தூக்கத்தைக் கெடுத்தது. அவர் பெயர் கியாகோமோ டி ஏஞ்சலிஸ், கார்சிகா தீவுக்காரர். அவருடைய திட்டத்தின்படி விமானத்தைச் செய்துகொடுத்தது சென்னை சிம்சன் கம்பெனி. ஆம், பின்னாளில் தொழிற்சங்கப் போராட்டங்களால் பெயர் பெற்ற அதே சிம்சன்! குதிரை வண்டிக்குக் கூண்டு கட்டிய தச்சனும் கொல்லனும் வானத்து வண்டிக்குச் சட்டம் கட்டினார்கள். பல்லாவரத்திலே சோதனை நடந்தது. பிறகு தீவுத்திடலிலே, கட்டணம் வாங்கிக்கொண்டு, மக்கள் முன்னே பறந்து காட்டினார். 1910 மார்ச்சு மாதத்து நிகழ்ச்சி இது. இந்தியாவிலேயே முதல் விமானப் பறப்பு இதுதான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதுகிறார்கள். விடுதிக்காரர் பெயராவது எஞ்சியது. பட்டறைத் தோழர்களின் பெயர் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. கயிலாசநாதர் கோயில் கல்தச்சனுக்கு நேர்ந்ததே இவர்களுக்கும் நேர்ந்தது.

அடுத்த ஆண்டு, 1911 பிப்ரவரி 18-இல், அலகாபாத்திலே ஓர் அதிசயம். ஆன்றி பெக்கே என்ற 23 வயதுப் பிரெஞ்சு இளைஞர், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களை ஏற்றிக்கொண்டு யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். கால் மணிகூட ஆகவில்லை. உலகத்திலேயே முதன்முதலாக அரசாங்க முறைப்படி விமானத்தில் தபால் போனது அன்றுதான். அடிமை நாட்டிலே நடந்தது. ஆயினும் நம் மண்ணிலே நடந்தது.

1932 அக்டோபர் 15-இல் கராச்சியிலிருந்து ஒற்றை இயந்திரப் 'புஸ் மாத்' விமானம் ஒன்று கிளம்பியது. ஓட்டியவர் ஜே.ஆர்.டி. டாடா. அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்தார். அங்கிருந்து தபாலை வாங்கிக்கொண்டு, நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். அந்த விமானத்துக்கும் துணி இறக்கைதான்! கடலில் கப்பலும் தரையில் ரயிலும் நாள் கணக்கில் சுமந்த கடிதம் ஒரே இரவுத் தங்கலோடு சென்னை வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தையொட்டியே சென்னையில் பறக்கும் சங்கமும் தோன்றியது. அதன் தலைமைப் பயிற்சியாளர் டின்டேல் பிஸ்கோ 1935 நவம்பரில் கொழும்பை அடுத்த இரத்மலானையிலே விமானத்தை இறக்கினார். அந்தத் தளத்திலே இறங்கிய முதல் விமானம் சென்னையிலிருந்து போனதுதான்.

குட்டி நாடான இலங்கை அதோடு நிற்கவில்லை. 1947 டிசம்பர் 10-இல் ஏர் சிலோன் தன் முதல் பயணத்தைத் தொடங்கியபோது, அதன் டகோட்டா விமானம் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் வந்தது. யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் நடுவே கடல் சிறிது. மனத் தொலைவு அதைவிடச் சிறிது. இடையிலே போர் வந்தது, வானம் மூடியது, பலாலித் தளம் படைத்தளமாகிக் கிடந்தது. 2019 அக்டோபரில் அது பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னை விமானம் வந்து இறங்கியது. நோய்த்தொற்றால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. விமானம் என்பது சீமான்களின் உல்லாசம் மட்டும் அன்று, பிரிந்த உறவைச் சேர்க்கும் பாலமும் ஆகும் என்பதற்கு இந்தச் சிறு பயணத்தைக் காட்டிலும் வேறு சான்று வேண்டுமோ?

ஆனால் நெடுங்காலம் அது சீமான்களின் பறவையாகவே இருந்தது. ஏழைக்கு விமானம் என்றால் அண்ணாந்து பார்த்துக் கையசைக்கும் காட்சி. குழந்தைக்கு சோறூட்டும்போது நிலாவுக்கு மாற்று. 1953-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, விமானக் கம்பெனிகளைப் பொதுவுடைமை ஆக்கியது. உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்சு, வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா என்று இரு கழகங்கள். பொதுப் பணத்திலே வளர்த்தார்கள். பொறுப்பில்லாமல் கடனிலே முக்கினார்கள். கடைசியில் 2022 சனவரி 27-இல் ஏர் இந்தியாவை டாடா நிறுவனத்திடமே ஒப்படைத்தார்கள். 18,000 கோடி ரூபாய்க்கு ஏலம். அதிலே 15,300 கோடி கடன் ஏற்பு, கையிலே வந்தது 2,700 கோடி. வட்டம் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தாயிற்று. பொதுத்துறை தோற்றதா, பொதுத்துறையைத் தோற்க வைத்தார்களா என்பதைப் பற்றித் தொழிற்சங்கத் தோழர்கள் தனியே பேசட்டும். நாம் மேலே செல்வோம்.

நெஞ்சு நிமிரும் பக்கமும் ஒன்று உண்டு. அது குரோம்பேட்டையில் இருக்கிறது. 1949-இல் சி. ராசம் என்ற செல்வர் தம் மாளிகையை விற்றுச் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கினார். விமானப் பொறியியலைப் பாடமாக வைத்தார். அங்கே படிக்க வந்தார் இராமேசுவரத்து இளைஞர் ஒருவர். யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லும் படகு வைத்திருந்தவரின் மகன். செய்தித்தாள் போட்டுக் காசு சேர்த்த பையன். சேர்க்கைக் கட்டணத்துக்கு ஆயிரம் ரூபாய் வேண்டும், வீட்டிலே இல்லை. அக்காள் சோகரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார், தம்பி படித்தார். அந்தத் தம்பிதான் அப்துல் கலாம். விமானப் படையிலே விமானி ஆக வேண்டும் என்று தேர்வுக்குப் போனார், எட்டு இடம், இவர் ஒன்பதாவது. விமானி ஆக முடியாதவர் ராக்கெட் விட்டார்; 2002-இல் குடியரசுத் தலைவரும் ஆனார். அவருக்கு அந்தக் கல்லூரியிலே பாடம் சொன்ன செருமானியப் பேராசிரியர் கர்ட் டாங்க், பிறகு பெங்களூர் சென்று மாருத் என்ற போர் விமானத்தை வடிவமைத்தார். 1961 சூனில் அது பறந்தது.

இதிலே நாம் காணும் பாடம் என்ன? யுகத்துக் கதை பேசியவன் ஓர் இறக்கையைக்கூடச் செய்யவில்லை. படகுக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிக் கதவு திறந்தது, ஏவுகணை எழுந்தது. பிறப்பு எங்கே என்று வானம் கேட்பதில்லை. கணக்குத் தெரியுமா, காற்றின் விசை தெரியுமா என்று மட்டுமே அது கேட்கிறது. கல்லூரிக் கதவை யாருக்குத் திறப்பது, யாருக்கு அடைப்பது என்பதுதான் ஒரு நாட்டின் விமான வரலாற்றையே முடிவு செய்கிறது. இட ஒதுக்கீட்டையும் கல்வி உதவித் தொகையையும் ஏளனம் செய்வோர், சோகரா அடகு வைத்த வளையலை ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும். எத்தனை வீட்டிலே அடகு வைக்க வளையல்கூட இல்லாமல் போனதோ!

இன்று விமானத்தில் ஏறுகிறவர்கள் யார்? 2003-இல் ஏர் டெக்கான் மலிவுக் கட்டணப் பயணத்தைத் தொடங்கிய பின், நடுத்தரக் குடும்பங்கள் ஏறின. அதற்கும் முன்பிருந்தே ஏறிக்கொண்டிருப்பவன் தொழிலாளி. திருச்சி விமான நிலையத்துக்கு நள்ளிரவில் போய்ப் பாருங்கள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, அதன்மேல் கொட்டை எழுத்திலே பெயர், கண் கலங்கி நிற்கும் மனைவி, தூங்கிவிழும் குழந்தை. துபாய்க்கும் சார்சாவுக்கும் சிங்கப்பூருக்கும் கட்டடம் கட்டவும், கம்பி வளைக்கவும், வண்டி ஓட்டவும் போகிறவன் அவன். அவன் அனுப்பும் பணத்தால் ஊரிலே கூரை ஓடாகிறது, ஓடு மாடியாகிறது. விமானக் கம்பெனியின் விளம்பரத்திலே கோட்டு அணிந்தவன் சிரிக்கிறான். கம்பெனியின் இருக்கையை நிரப்புகிறவன் கைலி மடித்து வைத்த பெட்டியோடு போகிறவன்.

அவனுக்குப் புரியும் மொழியிலே அவனுடன் பேசுகிறார்களா? ஆபத்து வந்தால் எந்தக் கதவு, எந்த மிதவை உடை என்று சொல்கிறார்களே, அது உயிர் காக்கும் செய்தி. தமிழகத்திலிருந்து கிளம்பும் விமானத்திலே அதைத் தமிழில் சொல்வதற்குத் தடை என்ன? ஒரு சில விமானங்களில் தமிழ் ஒலிக்கிறது, கேட்கும்போது இனிக்கிறது. எல்லா விமானங்களிலும் ஒலிக்க வேண்டும். இறங்கும் இடத்திலே நிரப்பும் படிவத்தைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் நீட்டி, "ஐயா, கொஞ்சம் எழுதிக் கொடுங்கள்" என்று கெஞ்ச வேண்டிய நிலை ஒழிய வேண்டும். சென்னைப் பன்னாட்டு முனையத்துக்கு இந்தக் காஞ்சியில் பிறந்த அண்ணாவின் பெயர் சூட்டப்பட்டது. உள்நாட்டு முனையத்துக்குக் காமராசர் பெயர். பெயர் தமிழருடையது, பேச்சும் தமிழாக இருந்தால்தானே பெயருக்குப் பொருள் உண்டு?

இப்போது மூன்றாவது கேள்வி. நம் வீட்டு வாசலிலேயே நிற்கும் கேள்வி. பறக்கும் தளத்துக்காக மண்ணைக் கொடுப்பவன் யார்?

சென்னை விமான நிலையம் ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட பயணிகளைச் சுமக்கிறது. ஒருபுறம் மலை, ஒருபுறம் ஆறு, சுற்றிலும் வீடுகள், விரிய இடமில்லை. இரண்டாவது விமான நிலையம் வேண்டும் என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. அதற்காகக் காஞ்சிபுரத்தை அடுத்த பரந்தூரைத் தேர்ந்து 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 20,000 கோடி ரூபாய்த் திட்டம். ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகள் என்றார்கள். தேவைப்படும் நிலம் ஐயாயிரம் ஏக்கருக்கும் மேல். 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. அந்த ஆண்டு சூலையில் நிலப் பத்திரப் பதிவும் தொடங்கியது.

நிலம் என்றால் வரைபடத்துக் கட்டம் அன்று. பரந்தூர், ஏகனாபுரம், நெல்வாய் என்று பெயருள்ள ஊர்கள், நெல் விளையும் நன்செய், ஏரிகள், கம்பன் கால்வாய். ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் எதிர்த்து நின்றார்கள். பகலெல்லாம் வயலிலே வேலை. மாலையிலே போராட்டப் பந்தல். இப்படி ஒரு நாள் இரு நாள் அன்று, ஆயிரம் நாளைக் கடந்து நின்றார்கள். கிராமசபையிலே தீர்மானத்துக்குமேல் தீர்மானம் போட்டார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஊரின் பெரும்பாலோர் வாக்குச் சாவடிக்கே போகவில்லை. ஒரு கட்சித் தொண்டனுக்கு இதைவிடச் சுடும் செய்தி வேறு உண்டா? வாக்குரிமைக்காகப் பேசிப் பேசித் தொண்டை கட்டியவர்கள் நாம். வாக்கே வேண்டாம் என்று ஓர் ஊர் சொல்கிறது என்றால், "எங்கள் சொல் எவர் காதிலும் ஏறவில்லை" என்பதுதான் அதற்குப் பொருள். ஆளுவோர் யாராக இருப்பினும் சரி, எந்தக் கொடி பறப்பினும் சரி, அந்த மக்களை "வளர்ச்சிக்குப் பகைவர்" என்று முத்திரை குத்துவதை நாம் ஏற்க மாட்டோம். நெல் விளைப்பவன் வளர்ச்சிக்குப் பகைவன் என்றால், சோறு உண்பவனெல்லாம் யார்?

ஏரியைப் பற்றியும் ஒரு சொல். செங்கற்பட்டும் காஞ்சியும் ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்றவை. ஓர் ஏரி நிறைந்து அடுத்த ஏரிக்குத் தண்ணீரைத் தள்ளும். சங்கிலிக் கண்ணி போன்ற அமைப்பு. ஒரு கண்ணியை அறுத்தால், மேலே வெள்ளம், கீழே வறட்சி. இது வெறும் அச்சம் என்பார்கள். 2015 டிசம்பரை நினைவூட்டுகிறோம். சென்னை விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் கட்டிப் போடப்பட்டது. பெருமழை வந்தது, ஆறு தன் இடத்தைத் தேடி வந்தது, ஓடுபாதை ஏரியாயிற்று. விமானங்கள் நீரிலே நின்றன. நிலையத்தைப் பல நாள் மூடினார்கள். தண்ணீரின் நினைவு பொல்லாதது. மனிதன் பட்டாவை மாற்றி எழுதலாம். மழை அந்தப் பட்டாவைப் படிப்பதில்லை.

அப்படியானால் விமான நிலையமே வேண்டாமா என்று கேட்பீர்கள். நாம் சொல்வது இது. பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். கொச்சி விமான நிலையம் 1999-இல் திறக்கப்பட்டது. மாநில அரசும், கடல் கடந்து உழைத்த மலையாளிகள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கானோரும் பங்கு போட்டுக் கட்டியது. நிலம் இழந்த குடும்பங்களுக்கு மாற்று மனை, வேலை, டாக்சி உரிமம் என்று வழி செய்தார்கள். 2015-இல் அது முழுவதும் சூரிய மின்சாரத்திலே இயங்கும் உலகின் முதல் விமான நிலையமாயிற்று. அங்கும் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மக்களைப் பங்காளிகளாக எண்ணினால் வேறு வழியும் உண்டு என்பதற்கு அது சான்று.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாகவே வைக்கிறோம்.

ஒன்று: சமூகத் தாக்க மதிப்பீடு. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் அதைக் கேட்கிறது. வேறு எந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லியும் அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. அறிக்கை தமிழிலே அச்சாகி, கிராமசபையிலே உரக்கப் படிக்கப்பட வேண்டும்.

இரண்டு: பட்டா இல்லாதவன். இதைத்தான் நாம் அழுத்திச் சொல்கிறோம். நிலக்காரனுக்கு விலை கிடைக்கும். நாற்று நட்ட கூலிக்காரிக்கு என்ன கிடைக்கும்? குத்தகைக்காரனுக்கு? ஆடு மேய்த்தவனுக்கு? அந்தப் பகுதியிலே மூன்று ஆண்டு உழைத்துப் பிழைத்த கூலியாள், குத்தகைதாரர், கைவினைஞர் ஆகியோர் குடும்பங்களும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று அதே 2013 சட்டம் கூறுகிறது. சட்டத்திலே எழுதியது பட்டியலிலும் ஏற வேண்டும். சேரிக்கு ஒரு பட்டியல், ஊருக்கு ஒரு பட்டியல் என்ற பேச்சே எழக்கூடாது.

மூன்று: வேலை. காவல் வேலையும் துடைப்ப வேலையும் மட்டும் உள்ளூராருக்கு, மற்றதெல்லாம் வெளியாருக்கு என்பது பழைய அக்கிரகாரக் கணக்கு. உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்கும் விமானப் பராமரிப்பும் தரைப்பணியும் கற்றுத் தரும் பயிற்சிக் கூடம் காஞ்சியிலேயே வேண்டும். முதல் மண் வெட்டும் நாளுக்கு முன்பே வேண்டும்.

நான்கு: ஏரியும் கால்வாயும். நீர்வழி இன்னபடி காக்கப்படும் என்று பொறியாளர்கள் ஊர் மக்கள் முன்னே வந்து, வரைபடத்தை விரித்து விளக்க வேண்டும். விளக்க முடியாவிட்டால் இடத்தை மாற்றுவதைப் பற்றி எண்ண வேண்டும். இடத்தை மாற்றுவது அரசுக்கு அவமானம் ஆகாது. ஊரை மூழ்கடிப்பதுதான் அவமானம்.

தொண்டர்களே, உங்களுக்கும் ஒரு வேலை தருகிறோம். மேடையிலே பேசுவதோடு நிறுத்தாதீர்கள். 2013 சட்டத்தின் தமிழ்ப் படியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த ஊர்களின் குடிசைகளுக்குப் போங்கள். எத்தனை கூலிக் குடும்பம், எத்தனை குத்தகைக் குடும்பம், எவருக்கு அடையாள அட்டை இல்லை என்று கணக்கெடுங்கள். எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதிக் கொடுங்கள். அவர்கள் கோபமாய் இரண்டு வார்த்தை சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். மண்ணைப் பறிகொடுக்கப் போகிறவன் மாலை போட்டு வரவேற்க மாட்டான். தறி மேடையிலே உட்கார்ந்திருக்கும் நெசவாளத் தோழர், "இது உழவன் பிரச்சினை, நமக்கென்ன?" என்று இருந்துவிட வேண்டாம். ஊரைச் சுற்றி நிலவிலை ஏறினால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் தறி போட இடம் போகும். இன்று ஏருக்கு வந்தது நாளைக்குத் தறிக்கும் வரும்.

2032 அக்டோபரிலே விழா நடக்கும். துணி இறக்கையிலே சென்னைக்கு வந்த முதல் தபாலை நினைவுகூர்வார்கள். அந்த விழா மேடையிலே சார்லி டெய்லரின் பெயர் ஒலிக்கட்டும். பெயர் தெரியாத சிம்சன் பட்டறைத் தோழர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்கட்டும். ஏகனாபுரத்துக் கூலிக்காரியும் முன்வரிசையிலே உட்கார்ந்திருக்கட்டும், "என்னைக் கேட்டுத்தான் செய்தார்கள், என் பிள்ளை அங்கேதான் வேலை பார்க்கிறான்" என்று அவள் வாயால் சொல்லட்டும். இல்லை, "என் ஊர் எனக்கே இருக்கிறது, என் ஏரி நிறைந்திருக்கிறது" என்று சொன்னாலும் சரியே. இரண்டில் ஒன்றை அவள் சொல்லும்படி செய்வதற்கு நமக்கு இன்னும் காலம் இருக்கிறது. இன்று மாலையே புறப்படுங்கள்!